யார் விடுபட்டார்கள்? வறுமை ஒழிப்பும் அரசின் கையிலுள்ள தகவலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வறுமையைக் குறைக்க அரசுகள் பணம் ஒதுக்குகின்றன, திட்டம் போடுகின்றன, பட்டியல் தயாரிக்கின்றன. பட்டியலில் இருக்க வேண்டிய ஒரு குடும்பத்தின் பெயர் அதில் இல்லை என்றால், எத்தனை கோடி ஒதுக்கினாலும் அந்த வீட்டுக்கு ஒன்றும் வராது. அரசுக்கு ஏழைகளைப் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைக்கிறது, எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்று பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

ஏழை யார் என்று ஊருக்கே தெரியும். அரசுக்கு எதற்குத் தனியாக ஒரு கணக்கெடுப்பு?

ஊருக்குத் தெரியும், உண்மைதான். ஆனால் ஊருக்குத் தெரிந்தது நிதி ஒதுக்குகிற மேசைக்குத் தானாகப் போய்ச் சேராது. சேராதவரை, ஏழ்மைக்குச் சோம்பலும் குடியும்தான் காரணம் என்று சொல்லிவிட்டு யாரும் நகர்ந்துவிடலாம்.

19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் அப்படித்தான் பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கப்பல் தொழில் நடத்திய சார்லஸ் பூத் 1886இல் லண்டனைத் தெருத் தெருவாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார். வரைபடத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நிறம் கொடுத்தார். மிகவும் வறிய தெருவுக்குக் கறுப்பு, செல்வந்தர் தெருவுக்கு மஞ்சள். எண்ணி முடித்தபோது நகர மக்களில் சுமார் 30 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள். அப்புறம் 1899இல் யார்க் நகரில் சீபோம் ரவுன்ட்ரீ ஒரு படி மேலே போனார். உடம்பு தாங்குவதற்கு மட்டும் என்னென்ன வேண்டும் என்று கணக்குப் போட்டார். அதைக்கூட வாங்கப் பற்றாத கூலி எத்தனை வீடுகளுக்கு வருகிறது என்று எண்ணினார். ஒரு காசுகூட வீணாக்காமல் வாழ்ந்தாலும் பற்றாக்குறைதான் என்ற நிலையில் அத்தனை வீடுகள் இருந்தன. அதற்குப் பிறகு குடியைக் காரணம் காட்டுவது கடினமாகிவிட்டது. 1908இல் அங்கே முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்ததில் இந்த எண்களுக்கும் பங்கு உண்டு.

இந்த இருவருக்கும் முன்பே, 1870களில், தாதாபாய் நௌரோஜி இதே வேலையை இந்தியாவுக்குச் செய்துவிட்டார். சிறையில் ஒரு கைதிக்குச் சாப்பாட்டுக்கும் துணிக்கும் ஆகும் செலவை எடுத்துக்கொண்டார். நாட்டு மக்களின் தலைக்குச் சராசரி வருமானத்தை அதன் பக்கத்தில் வைத்தார். வருமானம் அதைவிடக் குறைவாக இருந்தது. ஆட்சி நடத்தியவர்கள் எழுதிவைத்த கணக்குகளைக் கொண்டே அவர்களுக்குப் பதில் சொன்னார் என்பதுதான் எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது.

வறுமைக் கோட்டை யார் போடுகிறார்கள்?

யாரோ ஒருவர், ஏதோ ஓர் ஆண்டில், கையில் இருந்த தகவலை வைத்துப் போடுகிறார். அமெரிக்காவின் கோடு இதற்கு நல்ல உதாரணம். 1960களின் தொடக்கத்தில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பணியாற்றிய மோலி ஒர்ஷான்ஸ்கி, மிகக் குறைந்த செலவில் ஒரு குடும்பம் சாப்பிட என்ன ஆகும் என்று பார்த்து அதை மூன்றால் பெருக்கினார். குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவிடுவதாக 1955ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொன்னதே காரணம். அன்றைக்கு அது நியாயமான கணக்கு. இன்று அங்கே வீட்டு வாடகையும் மருத்துவமும் எங்கேயோ போய்விட்டன, சாப்பாட்டின் பங்கு சுருங்கிவிட்டது. ஆனாலும் அதிகாரபூர்வக் கோடு விலைவாசிக்கு ஏற்ப நகர்த்தப்பட்ட அதே பழைய கோடுதான்.

உலக வங்கி 2025 ஜூனில் தன் கோட்டை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது. உலகக் கணக்கில் ஏழைகளின் எண்ணிக்கை கூடியது; எந்த வீட்டிலும் அன்று எதுவும் மாறவில்லை. கோட்டை மாற்றுவது தவறில்லை. எப்போது மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்பதைச் சொல்லிவிட்டு, பழைய கோட்டின்படி வரும் எண்ணையும் சில ஆண்டுகள் சேர்த்தே வெளியிட வேண்டும். இல்லாவிட்டால் வறுமை குறைந்ததா, கோடு நகர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

கணக்கெடுப்பில் மக்கள் உண்மையைச் சொல்வார்களா?

பெரும்பாலும் சொல்வார்கள். சிக்கல் அதிகமும் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒரு கணக்கெடுப்பாளர் வாசலில் உட்கார்ந்து, "கடந்த 30 நாளில் உங்கள் வீட்டில் சமையல் எண்ணெய் எவ்வளவு செலவானது?" என்று கேட்கிறார். யார் அதை எழுதிவைத்திருப்பார்கள்? வீட்டுக்காரம்மா கொஞ்சம் யோசித்து, குத்துமதிப்பாக ஒரு அளவைச் சொல்வார். அதே கேள்வியைக் கடந்த 7 நாளுக்குக் கேட்டால் நினைவு தெளிவாக இருக்கும். சில சமயம் எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் வாங்கியதும் அதற்குள் வந்து சேர்ந்துவிடும். இரண்டும் தனித்தனி எண்கள். இந்தியாவில் 1990களில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இதைச் சோதித்தது. பாதி வீடுகளிடம் 30 நாளுக்கும் மீதி வீடுகளிடம் 7 நாளுக்கும் கேட்டார்கள். 7 நாள் கேள்வியில் உணவுச் செலவு அதிகமாக வந்தது. அந்தக் கேள்விக்கு மாறினாலே நாட்டின் வறுமைக் கணக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கும். ஒரு படிவத்தில் ஒரு எண்ணை மாற்றுவது அவ்வளவு வேலை செய்கிறது.

அடுத்து வந்த 1999-2000 கணக்கெடுப்பில் இரண்டு கேள்விகளையும் ஒரே வீட்டில், ஒரே படிவத்தில், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்டார்கள். ஒரு பதில் இன்னொன்றை இழுத்துக்கொண்டது. 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதமாகிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. அந்த 10 புள்ளிகளில் எவ்வளவு மக்கள் வாழ்க்கையில் வந்த மாற்றம், எவ்வளவு படிவத்தில் வந்த மாற்றம் என்று பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலும் முறை மாறியிருக்கிறது. ஒரே வீட்டுக்கு மூன்று முறை போய், மூன்று படிவங்களில் கேட்டார்கள். இதனால் விவரம் முன்பைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் 2011-12 எண்ணுக்குப் பக்கத்தில் அப்படியே வைத்து ஒப்பிடக் கூடாது. வறுமை இத்தனை சதவீதம் குறைந்தது என்று எங்கே படித்தாலும், இரண்டு முறையும் ஒரே கேள்விதான் கேட்டார்களா என்று முதலில் பாருங்கள்.

வருமானமும் செலவும் தெரிந்தால் போதாதா?

போதாது. கையில் ஒரே அளவு பணம் வருகிற இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கழிப்பறை இல்லை, குடிநீருக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டும். இன்னொன்றில் அதெல்லாம் உண்டு, பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை வேலைக்குப் போகிறது. இரண்டுக்கும் ஒரே உதவியைக் கொடுப்பதில் என்ன பயன்?

இதற்காகத்தான் பொருளாதார ஆய்வாளர்கள் சபீனா அல்கைரும் ஜேம்ஸ் ஃபாஸ்டரும் உருவாக்கிய முறையில், 2010இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் பன்முக வறுமைக் குறியீட்டை வெளியிடத் தொடங்கியது. நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் 10 குறைகளைப் பார்க்கிறது. மதிப்பெண்படி மூன்றில் ஒரு பங்கு குறை இருந்தால் அந்த வீடு ஏழை. இந்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் இதில் இரண்டைச் சேர்த்து 12 ஆக்கியது. அதன் கணக்கில் 2015-16இல் 24.85 சதவீதமாக இருந்தது 2019-21இல் 14.96 சதவீதம் ஆனது. எனக்கு அந்த மொத்த எண்ணைவிட அதன் உள்விவரம் முக்கியம்: எந்த மாவட்டத்தில் எந்தக் குறை அதிகம் என்று தெரிந்தால், எந்தத் துறை அங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கேரளம் இதை ஒவ்வொரு வீடு வரைக்கும் கொண்டுபோக முயன்றது. மிகக் கொடிய வறுமையில் இருப்பதாக 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம் எழுதினார்கள். ஒரு வீட்டுக்கு மருந்து, இன்னொன்றுக்குக் கூரை, வேறொன்றுக்கு அடையாள ஆவணம். 2025 நவம்பர் 1 அன்று கொடிய வறுமை இல்லாத மாநிலம் என்று அறிவித்தபோது, அந்தப் பட்டியலை எந்த அளவுகோலால் தயாரித்தீர்கள் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கேட்டது நியாயம்தான். பட்டியலுக்கு வெளியே நிற்பவரை அந்தப் பட்டியலால் காட்ட முடியாதே.

வீட்டுக்குள்ளே எல்லோரும் ஒரே அளவு ஏழையா?

இல்லை. கணக்கெடுப்பு வீட்டை ஓர் அலகாகப் பார்க்கிறது; சாப்பாடு உள்ளே எப்படிப் பங்கானது என்று பார்ப்பதில்லை. சகாராவுக்குத் தெற்கிலுள்ள 30 ஆப்பிரிக்க நாடுகளின் தரவை ஆராய்ந்தபோது, ஊட்டக்குறைவுள்ள பெண்கள், குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினர் மிக ஏழ்மையான 20 சதவீத வீடுகளுக்கு வெளியேதான் இருந்தார்கள். ஏழை வீட்டைக் கண்டுபிடித்தால் பசித்த குழந்தையையும் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பி ஊட்டச்சத்துத் திட்டம் போட்டால், பெரும்பாலான குழந்தைகள் கைநழுவிப் போவார்கள்.

உதவி யாருக்கு என்று எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

வருமானச் சான்று கேட்டால் முறைசாரா வேலை செய்கிறவரிடம் அது இருக்காது. அதனால் பல நாடுகள் கண்ணுக்குத் தெரிவதை எண்ணி மதிப்பெண் போடுகின்றன: சுவர் எதனால் ஆனது, எத்தனை அறை, வண்டி உண்டா, எத்தனை பேர் படித்திருக்கிறார்கள். கொலம்பியாவில் சிஸ்பென் என்ற முறை அப்படிப்பட்டது. 47க்குக் கீழே மதிப்பெண் பெற்றால் உதவி. 1990களின் பிற்பகுதியில் மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்ற விவரம் உள்ளூர் அதிகாரிகளுக்குத் தெரியவந்தது. அப்புறம் வந்த மதிப்பெண்களை வரைந்து பார்த்தால் 47க்குச் சற்றுக் கீழே ஒரு பெரிய மேடு, தாண்டியவுடன் சட்டென்று ஒரு பள்ளம். நேர்மையாக வீடுகளை அளந்திருந்தால் அப்படியொரு வடிவம் வரவே வராது.

ஊரையே கேட்டுவிடலாமா? இந்தோனேசியாவில் 640 கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். சில இடங்களில் மதிப்பெண் முறை, சில இடங்களில் ஊர்க்கூட்டமே ஏழைகளை வரிசைப்படுத்தியது. நுகர்வுச் செலவை வைத்துப் பார்த்தால் ஊர்க்கூட்டம் சற்று அதிகமாகவே தவறியது. ஆனால் மக்களுக்கு அந்தப் பட்டியல்தான் அதிகத் திருப்தி தந்தது. ஏழை என்றால் யார் என்பதில் ஊர் வைத்திருந்த அளவுகோல் தலைக்கு இவ்வளவு செலவு என்பதோடு நின்றுவிடவில்லை.

என் கருத்தைக் கேட்டால்: எந்த முறையிலும் இரண்டு தவறு நடக்கும். தகுதியில்லாதவர் உள்ளே வருவது ஒன்று, தகுதியுள்ளவர் வெளியே நிற்பது இன்னொன்று. முதல் தவறு செய்தியாகிறது, விசாரணைக்குப் போகிறது. இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் எண்ணுவதுகூட இல்லை. உணவு போன்ற அடிப்படைத் தேவையில் இரண்டாவதுதான் பெரிய தவறு. அதனால் சிலவற்றை எல்லோருக்கும் கொடுத்துவிடுவதே மேல் என்று நினைக்கிறேன், செலவு கூடினாலும்.

ஒருமுறை நல்ல பட்டியல் தயாரித்துவிட்டால் எத்தனை ஆண்டு ஓடும்?

நினைப்பதைவிடக் குறைவாகத்தான். ஆய்வாளர் அனிருத் கிருஷ்ணா ராஜஸ்தான், குஜராத், ஆந்திரம், கென்யா, உகாண்டா, பெரு என்று பல இடங்களில் கிராம மக்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வீடும் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பதிந்தார். ஒரு பக்கம் வீடுகள் வறுமையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தன, மறுபக்கம் வேறு வீடுகள் உள்ளே விழுந்துகொண்டிருந்தன. விழுந்ததற்கு மக்கள் அதிகம் சொன்ன காரணம் நோயும் மருத்துவச் செலவும். மொத்த சதவீதம் அசையாமல் நிற்கும்போதும் உள்ளே இருக்கிற ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்தியாவின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. கிராமங்களில் 75 சதவீதம், நகரங்களில் 50 சதவீதம் மக்களுக்கு மானியத் தானியம் என்றது. சதவீதத்தை எண்ணிக்கையாக மாற்ற 2011 மக்கள்தொகைக் கணக்கைப் பயன்படுத்தினார்கள். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. மக்கள்தொகை வளர்ந்தது, ஒதுக்கீடு பழைய எண்ணிலேயே நின்றது. இதனால் 10 கோடிக்கும் மேற்பட்டோர் விடுபட்டிருப்பார்கள் என்று பொருளாதார அறிஞர்கள் ஜான் ட்ரீஸும் ரீத்திகா கேராவும் கணக்கிட்டார்கள். யாரும் அவர்களை வேண்டுமென்று நீக்கவில்லை. எண்ணவில்லை, அவ்வளவுதான்.

பிரேசில் வேறு வழியில் போனது. ஏழைக் குடும்பங்களுக்காக 2001இல் தொடங்கிய ஒற்றைப் பதிவேட்டில் குடும்பங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது தங்கள் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். 2011இல், பதிவேட்டில் இல்லாத ஏழைகளை அரசே தேடிப் போக வேண்டும் என்றும் சேர்த்தார்கள். ஏழை விண்ணப்பம் எடுத்து வரட்டும் என்று காத்திருக்காமல் அலுவலர் போய்த் தேடுவது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

கைபேசித் தரவு, செயற்கைக்கோள், செயற்கை நுண்ணறிவு இருக்கும்போது வீடு வீடாகப் போக வேண்டுமா?

உதவும், அவசரத்தில் நன்றாகவே உதவும். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது டோகோ நாட்டிடம் ஏழைகளின் பதிவேடு இல்லை. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மிக ஏழ்மையான 100 பகுதிகளையும், கைபேசிப் பயன்பாட்டைக் கொண்டு அங்கே மிக ஏழையான மக்களையும் கணித்து, நோவிஸ்ஸி திட்டத்தில் கைபேசிக்கே பணம் அனுப்பினார்கள். முழுமையான பதிவேட்டுக்கு அது ஈடாகாது. ஆனால் அந்த நேரத்தில் கையில் இருந்த மற்ற வழிகளைவிட விடுபட்டோர் குறைந்தார்கள். கைபேசியே இல்லாதவர் அந்தக் கண்ணுக்குத் தெரியமாட்டார் என்பதையும் மறக்கக் கூடாது.

இயந்திரத்தைக் கொடுப்பதற்குப் பயன்படுத்தாமல் பிடுங்குவதற்குப் பயன்படுத்தியபோது நடந்ததைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் 2010களின் பிற்பகுதியில், உதவித்தொகை வாங்கியவர்களின் ஆண்டு வருமானத்தை வரித்துறையிடமிருந்து எடுத்து 26ஆல் வகுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று கணக்குப் போட்டார்கள். ஒருவர் ஆறு மாதம் வேலையில்லாமல் உதவி வாங்கினார், அடுத்த ஆறு மாதம் வேலைக்குப் போனார் என்று வையுங்கள். அவர் உதவி வாங்கிய மாதங்களிலும் சம்பாதித்ததாக அந்தக் கணக்கு சொல்லும். அப்படியே லட்சக்கணக்கானவர்களுக்கு, கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்டுங்கள் என்று கடிதம் போனது. 2023இல் வந்த ராயல் கமிஷன் என்ற உயர்நிலை விசாரணை ஆணையத்தின் அறிக்கை அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்கிய ஆயிரக்கணக்கான பெற்றோர் மேல் மோசடிப் பழி விழுந்தது. அந்த விவகாரத்தில் 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. இரண்டு நாட்டிலும் தரவுக்குப் பஞ்சமில்லை. "இது தவறு" என்று குடும்பங்கள் சொன்னபோது நின்று கேட்க ஆள் இல்லை.

ஒரு திட்டம் பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திட்டம் கிடைத்தவர்களை மட்டும் பார்த்தால் தெரியாது. கிடைக்காதவர்களையும் பக்கத்தில் வைக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தரும் ப்ரோக்ரெசா திட்டத்தை மெக்சிகோ 1997இல் தொடங்கியபோது, எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப் பணம் இல்லை. அதையே வாய்ப்பாக்கி, 506 கிராமங்களில் 320ஐக் குலுக்கல் முறையில் முதலில் சேர்த்தார்கள். மற்ற 186 பிறகு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தொடர்வதும் நலமும் முதலில் சேர்ந்த ஊர்களில் மேம்பட்டது தெரிந்தது. 2000இல் ஆட்சி மாறியது. புது ஆட்சி பெயரை மாற்றியது, திட்டத்தை விரிவாக்கியது. கையில் ஆதாரம் இருந்ததால் அதை ஒழித்துக்கட்டுவது எளிதாக இருக்கவில்லை.

ஆதாரம் இருந்தால் மட்டும் போதும் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அமெரிக்காவில் 2021இல் குழந்தைகளுக்கான வரிச் சலுகையை விரிவாக்கினார்கள். அரசு உதவிகளையும் வருமானத்தோடு சேர்த்துப் பார்க்கும் துணை வறுமை அளவீட்டின்படி குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. ஆண்டு முடிவில் அந்த விரிவாக்கம் காலாவதியானது, அடுத்த ஆண்டு 12.4 சதவீதத்துக்கு ஏறியது. எண்ணைப் பார்த்துக்கொண்டேதான் விட்டார்கள்.

அரசுக்குப் பிடிக்காத எண் வந்தால்?

வெளியிட வேண்டும். இந்தியாவில் 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகள், தரத்தில் குறை என்ற காரணத்தோடு நிறுத்திவைக்கப்பட்டன. குறை இருந்தால் தரவையும் குறையையும் சேர்த்தே வெளியிட்டிருக்கலாம். ஆய்வாளர்கள் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். 2011-12க்கும் 2022-23க்கும் நடுவில் இந்த விஷயத்தில் பத்தாண்டு இருட்டு.

மக்கள் கையில் இந்தத் தகவல் கிடைத்தால் என்ன ஆகும்?

1994 டிசம்பரில் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு ஒரு மக்கள் விசாரணை நடத்தியது. பொதுப்பணிகளின் கூலிப் பதிவேட்டையும் ரசீதுகளையும் ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார் என்று படிக்கும்போது, பெயருக்குரியவர் அங்கேயே இருக்கிறார். நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே என்று எழுந்து சொல்கிறார். இப்படித் தொடர்ந்து நடந்த கூட்டங்களில், செத்துப்போனவர்கள் பெயரில் கூலி எழுதியதும், கட்டாத கட்டடத்துக்குக் கணக்கு எழுதியதும் வெளியே வந்தன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கான போராட்டம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது. 2005இல் அந்தச் சட்டமும், ஊர் மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கிய ஊரக வேலை உறுதிச் சட்டமும் வந்தன.

தனிப்பட்ட விவரம் வெளியே போய்விடாதா என்று சிலர் கேட்பார்கள். கவலை சரியானதே. கூலிப் பதிவேடு பொதுப்பணம், அது எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். ஒருவரின் நோய், சாதி, கடன், கைபேசி எண் எல்லாம் பயனாளிப் பட்டியலோடு இணையத்தில் தொங்கக் கூடாது.

எங்கள் அரசுத் துறையில் பணமும் ஆளும் குறைவு. எங்கிருந்து தொடங்குவது?

புதுச் செயலி வாங்குவதிலிருந்து தொடங்க வேண்டாம். ஒவ்வோர் அலுவலகத்திலும் நிராகரித்த விண்ணப்பங்களின் கட்டு ஒன்று இருக்கும். அதிலிருந்து குலுக்கலாக 100 எடுங்கள். ஒவ்வொன்றும் ஏன் திருப்பி அனுப்பப்பட்டது என்று பாருங்கள், அந்த வீடுகளுக்கு ஆளனுப்புங்கள். எத்தனை பேர் உண்மையில் தகுதியற்றவர்கள், எத்தனை பேர் பெயரில் ஓர் எழுத்து மாறியதால் திரும்பியவர்கள் என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது தொலைபேசி. தெலங்கானாவில் 2018இல் விவசாயிகளுக்கு ரைத்து பந்து என்ற உதவித் திட்டத்தின் காசோலைகள் கொடுத்தபோது, குலுக்கலில் தேர்ந்த சில மண்டலங்களின் (மாவட்டத்துக்குள் வரும் சிறு நிர்வாகப் பிரிவுகள்) அலுவலர்களிடம் "உங்கள் பகுதி விவசாயிகளுக்குத் தொலைபேசியில் அழைத்துக் காசோலை வந்ததா என்று கேட்கப்போகிறோம்" என்று மட்டும் முன்கூட்டியே சொன்னார்கள். அந்த மண்டலங்களில் காசோலை குறித்த நேரத்தில் போய்ச் சேர்வது கூடியது. அழைப்புகளுக்கு ஆன செலவு மிகக் குறைவு. கேட்டது ஒரே ஒரு விஷயம்: வந்ததா, வரவில்லையா?